பாறையடிப் பள்ளத்தை மூடாதீர்கள்: எங்கள் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மேலூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், ஊர் அம்பலகாரர்களுக்கும்,

கடந்த கிராம சபையில் நீங்கள் வாசித்து, கை தூக்கச் சொல்லி, நிறைவேறிவிட்டதாக அறிவித்த தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஊருக்குத் தெற்கே உள்ள பாறையடிப் பள்ளத்தைக் கிராவல் கொட்டி மேடாக்க வேண்டும், அதன் மேல்கரையில் இருக்கும் பாறையை உடைத்துச் சமப்படுத்த வேண்டும், அந்த இடத்தில் வாரச்சந்தைக்குக் கொட்டகையும் வண்டிகள் நிற்க இடமும் அமைக்க வேண்டும் என்பது தீர்மானம். அந்த இடத்தைப் பற்றி அதில் இருப்பது ஒரே வரி: "கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு, பயன்பாடு ஏதுமில்லை."

அந்த வரி தவறு. அதைச் சொல்லத்தான் அன்று எழுந்தேன். "நேரமாச்சு, அடுத்த பொருளுக்குப் போகலாம்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். சபையில் சொல்ல விடாததை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

என் வயல் அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் நான். படிப்பை வைத்து வேலைக்குப் போகவில்லை, விவசாயம்தான் பார்க்கிறேன். ஆனால் மடை திறக்கவும் மாட்டைப் பிடித்துக் கட்டவும் நேரங்கெட்ட நேரத்தில் அந்தப் பக்கம் போய் வருகிறவள் என்பதால், உங்கள் யாரையும்விட அந்தப் பள்ளத்தை ராத்திரியில் அதிகம் பார்த்திருக்கிறேன். பகலில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது வெறும் பள்ளம்தான். பங்குனி, சித்திரையில் வெடித்த களிமண், நடுவில் கொஞ்சம் கோரை, ஓரத்தில் வேலிக்கருவை, ஆடுகள் நடந்த தடம். அளக்க வந்தவர்கள் பார்த்ததும் இந்தக் கோலத்தில்தான்.

கோடை மழையானாலும் சரி, ஐப்பசி அடைமழையானாலும் சரி, தரை ஊறும் அளவுக்கு முதல் பெருமழை பெய்த ராத்திரி அங்கே போய்ப் பாருங்கள். பாறை மேல் விழுந்த தண்ணீர் அத்தனையும் வழிந்து பள்ளத்தில் இறங்கி முழங்கால் அளவுக்கு நிற்கும். டார்ச் அடித்தால் தண்ணீர் முழுக்கக் கண்கள் மின்னும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் காதில் விழாது, அப்படி ஒரு இரைச்சல். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "தவளை கத்துது, இன்னும் மழை இருக்கு" என்று நீங்கள் சொல்வது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அது பெரிய கண்மாயிலிருந்து வருவதில்லை. முதல் மழைக்கு நம் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் ஊரைச் சுற்றி நாலு விரற்கடைக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடம் இந்தப் பள்ளம் ஒன்றுதான்.

அங்கே கூடுவதில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் வாழ்கிற குண்டுத் தவளை. புத்தகத்தில் பலூன் தவளை என்று போட்டிருக்கும். அறிவியல் பெயர் யூபெரோடான் சிஸ்டோமா. 1799-லேயே ஷ்னைடர் என்ற ஜெர்மன் அறிஞர் பெயர் வைத்துவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருண்டை உடம்பு. முகம் சின்னது, வாய் அதைவிடச் சின்னது. கரையானும் எறும்பும் தின்ன அந்த வாய் போதும். தொட்டால் காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும், தோலில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஏதோ கசியும். ஆண் தவளை தண்ணீரில் மிதந்தபடியே தொண்டையை ஊதிக் கத்தும். விடிந்ததும் போனால் முட்டைகள் தண்ணீரின் மேல்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கரும்புள்ளி. அந்தக் கூட்டமும் கூச்சலும் சில ராத்திரிகள்தான். அதன் பிறகு பெரிய தவளைகளைக் காண முடியாது. தலைப்பிரட்டைகள் மட்டும் பள்ளம் வற்றுவதற்குள் கால் முளைத்து வெளியேறிவிட வேண்டும் என்று வளர்ந்துகொண்டிருக்கும்.

காணாமல் போன பெரிய தவளைகள் எங்கே போயின? ஒன்று மண்ணுக்குள் இறங்குவதை நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தவளையின் பின்னங்கால் அடியில் மண்வெட்டி போல இரண்டு கெட்டியான புடைப்புகள் உண்டு. அது தலையை விட்டுத் தோண்டுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஒதுக்கியது. ஈர மண் இரண்டு பக்கமும் விலக, உடம்பு பின்பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் வெளியே. அதுவும் உள்ளே போனதும் மேல்மண் சரிந்து மூடிக்கொண்டது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் எந்த இடத்தில் இறங்கியது என்று சிறிது நேரத்துக்குப் பிறகு என்னாலேயே காட்ட முடியவில்லை. வருஷத்தின் பெரும்பகுதியை அது அங்கேதான் கழிக்கிறது. அடுத்த பெருமழையின் ஈரம் கீழே எட்டும்வரை வெளியே வராது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று நாம் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். அந்த வரிக்கு முந்திய வரி "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்" என்பது. மண்ணுக்குள் கிடக்கும் தவளையைப் பழைய காலத்து ஆட்கள் அத்தனை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். நம் நிலப்பதிவில் மட்டும் அந்த மண் பயன்பாடு ஏதுமில்லாத தரிசு.

தீர்மானம் போட்ட சில நாளிலேயே ஜேசிபி வந்துவிட்டது. பள்ளத்தின் வடமேற்கு மூலையில் கரையைச் சுரண்டி டிராக்டரில் ஏற்றினார்கள். கிராவல் இரண்டு லோடு வந்து இறங்கியது. சுரண்டிய மண்ணில் ஒரு நடையை எங்கள் களத்து ஓரத்தில் தட்டிவிட்டுப் போனார்கள். நான் அதில் ஒரு கட்டியைக் கையால் உடைத்தேன். உள்ளே ஈரம் காயாத சின்னக் குழிவு, அதற்குள் கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒரு தவளை. வாளியின் பல் பட்டு முதுகு கிழிந்திருந்தது. தொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. அடுத்தடுத்த கட்டிகளிலும் இருந்தன. முழுசாக இருந்த சிலவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தின் மறுகோடியில் ஈரமான இடம் பார்த்து விட்டேன். வெயிலில் கிடந்தவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜேசிபி ஓட்டி வந்த தம்பி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. "அக்கா, மண்ணுக்குள்ள இதுக இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றான். அவன் சொன்னது நியாயம். சொல்ல வேண்டியவர்கள் தீர்மானம் எழுதியவர்கள். தண்ணீர் வற்றிய கோடையில் தோண்டினால் வேலை சுலபம் என்று நாம் நினைக்கிறோம். தப்பி ஓட வழியில்லாமல் அவை தரைக்குள் அடைந்து கிடக்கும் காலமும் அதேதான். இது இந்தப் பள்ளத்துக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை. கண்மாய் உள்வாயில் மண் எடுக்கும்போதும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

பாறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் அதை "சும்மா கிடக்கிற கல்" என்றார். அந்தப் பாறையின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் தட்டுத் தட்டாக உரிந்த பலகைக் கற்கள் கிடக்கின்றன. அவற்றுக்கும் தாய்ப்பாறைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடுக்குகள் உண்டு. போன மழைக்காலத்தில் அந்த இடுக்கு ஒன்றில் ஒரு சின்னத் தேரையைப் பார்த்தேன். வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்து உட்காருமே, அந்தத் தேரை இல்லை. வாசல் தேரைக்குத் தலையில் கறுத்த விளிம்போடு மேடுகள் இருக்கும், முதுகெல்லாம் மருவாக இருக்கும். பாறை இடுக்கில் இருந்ததற்கு உடம்பு தட்டை, தோல் கிட்டத்தட்ட வழவழப்பு, தலையில் அந்த மேடுகளே இல்லை. கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் எனக்குக் குந்தர் தேரையின் நினைவு வந்தது. டட்டாஃப்ரைனஸ் ஹோலோலியஸ் என்பது அதன் பெயர். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் 1876-இல் வைத்த பெயர். அதற்குப் பிறகு வெகு காலம் அந்தத் தேரையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, அரிதாக யார் கண்ணிலாவது பட்டதோடு சரி. இந்த நூற்றாண்டில்தான் கிழக்கு மலைத்தொடரின் பாறைக் குன்றுகளில், ஆந்திரப் பக்கத்திலும் நம் தமிழ்நாட்டிலும், அது வாழ்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அடர்ந்த காடு தேடுகிற பிராணி இல்லை அது. வெயில் கொளுத்தும் வெறும் பாறையும் அதன் இடுக்குகளும்தான் அதன் இடம். அதனால்தான் யாரும் அதைத் தேடவில்லை, அதனால்தான் அந்த இடத்தை உடைக்க யாரும் யோசிப்பதும் இல்லை.

நான் படமெடுத்தது அந்தத் தேரையேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தவளை, தேரை பற்றி ஆராய்கிறவர்கள். அவர்கள் பார்க்கும்வரை பாறையில் கை வைக்காதீர்கள் என்கிறேன். உடைத்த பிறகு எவ்வளவு பெரிய ஆய்வாளரைக் கூட்டி வந்து என்ன பயன்?

அன்று சபை முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்: "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே சாமி படியளக்குதும்மா. நீ எதுக்குக் கவலைப்படுற?" அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சாமி படியளக்கட்டும் ஐயா. ஆனால் கல்லையே உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டால் அந்தத் தேரை எங்கே இருக்கும்? அடுத்த பாறைக்குப் போய்விடும் என்பீர்கள். ஈரத்தோல் உள்ள பிராணி, தார்ச்சாலையும் வெயிலும் தாண்டிப் போக வேண்டும். அப்படியே போனாலும் அடுத்த பாறை எங்கே மிச்சமிருக்கிறது? கிரானைட் முறைகேடு 2012-இல் வெளியே வந்து குவாரிகள் நின்றபோது, கீழவளவு, கீழையூர்ப் பக்கம் குன்று நின்ற இடங்களில் எவ்வளவு ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். மிஞ்சியிருக்கும் சின்னப் பாறைகளை இனி ஊராட்சியே உடைக்கக் கூடாது.

"இவ்வளவு பெரிய மாவட்டத்தில் இத்தனூண்டு பள்ளம் போனால் என்ன?" என்றும் கேட்டார்கள். இதற்கு நான் சொல்லும் பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தான்சானியாவில் உட்சுங்வா மலையில் கிஹான்சி என்ற ஆறு அருவியாக விழுகிறது. அந்த அருவியின் சாரல் படும் நிலம் மொத்தமே சுமார் இரண்டு ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மஞ்சள் தேரை அந்த ஐந்து ஏக்கரில் மட்டும் வாழ்ந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். 1996-இல்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. 2000-இல் நீர்மின் நிலையத்துக்காக ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது, சாரல் நின்றுவிட்டது. அவசர அவசரமாக ஏறத்தாழ 500 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவில் உள்ள விலங்குக் காட்சிசாலைகளுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். 2009-இல் அந்தத் தேரை அதன் சொந்த இடத்தில் அற்றுப்போய்விட்டது என்று அறிவித்தார்கள். அருவி செய்த வேலையைக் குழாய் போட்டுத் தெளித்துச் செய்து, 2012-இல் காட்சிசாலையில் வளர்ந்தவற்றைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இத்தனையும் ஒரு ஐந்து ஏக்கர் நிலம் என்ன வைத்திருக்கிறது என்பதைக் காலத்தோடு கணக்கில் எடுக்காததன் விளைவு. அங்கேயாவது நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. நமக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை, சந்தைக்கு வேறு இடம் இருக்கிறது.

ஆப்பிரிக்கா வேண்டாம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள், மதுரையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே மலையடிவாரத்தில் ஒரு தவளை வாழ்கிறது. பன்றியைப் போல் மூக்கு நீண்டது, ஊதா நிறம் கலந்த உடம்பு, மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து இனப்பெருக்கத்துக்கு மட்டும் வெளியே வரும். அது தனி இனம் என்று அறிவியலுக்குத் தெரிய வந்தது 2017-இல்தான். ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்து, 2014-இல் மலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் உயிரிழந்த சுப்பிரமணியன் பூபதியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே காடு சரணாலயமாக இருந்ததால் அந்தத் தவளை தப்பித்தது. கல்லாங்குத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. இருக்கிற ஒரே காவல் ஊராட்சிதான்.

2023-இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று 8,011 வகைத் தவளை, தேரை, அவற்றின் உறவினங்களை ஆராய்ந்து, அவற்றில் கிட்டத்தட்ட 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. பறவைகளிலோ பாலூட்டிகளிலோ நிலைமை இவ்வளவு மோசமில்லை. மிகப் பரவலான காரணம், அவை வாழும் இடம் போய்விடுவது. அந்த இடம் எங்கோ அமேசானில் மட்டும் போகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு ஊராட்சித் தீர்மானத்தில், இரண்டு லோடு கிராவலில் போகிறது.

இதை நான் யாருக்குச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நின்ற மேலூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியில் 193.21 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் அந்தப் பகுதியும் சேர்த்து ஏலம் போனது. அப்போது நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தோம். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். சட்டமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று நாம் என்ன பேசினோம்? இந்தக் குன்றும் சுனையும் கண்மாயும் பல்லுயிரும் எங்கள் சொத்து என்று பேசினோம். அரிட்டாபட்டிக் குன்றில் கூடு கட்டும் லகர் வல்லூறைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசிய அதே உறுப்பினர்தான் நம் பாறையைச் சும்மா கிடக்கிற கல் என்கிறார். டெல்லிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

சந்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்கறிக் கூடையோடு சாலையோரம் சாக்கை விரித்து உட்காரும் பெண்கள் மழையில் நனைவதையும், பஸ் உரசிக்கொண்டு போவதையும் வாரா வாரம் பார்க்கிறேன். அவர்களுக்குக் கொட்டகை கட்டாயம் வேண்டும். ஆனால் பழைய சந்தைத் திடல் ரேஷன் கடைக்குப் பின்னால் தகரம் பிய்ந்து, குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், மேட்டு நிலம், நிரப்ப வேண்டிய வேலையே இல்லை. பள்ளத்தை நிரப்பும் காசில் அதைச் சுத்தம் செய்து நல்ல கொட்டகையே போடலாம். சந்தைக்கு வரும் பெண்களிடம் கேட்டேன். ஊரைத் தாண்டித் தெற்கே அவ்வளவு தூரம் சுமையோடு போக யாருக்கும் விருப்பமில்லை.

பள்ளத்தில் கொசு உற்பத்தியாகிறது என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. டெங்குக் கொசு முட்டையிடுவது மூடாத தொட்டியிலும், பழைய டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நல்ல தண்ணீரில். அதைத் தேடுகிறவர்கள் தெருவுக்குள் தேட வேண்டும். பள்ளத்துத் தண்ணீரில் தட்டான் குஞ்சும் நீர்வண்டும் இருக்கின்றன, கொசுப்புழுவைத் தின்பவை அவை. பாம்பு வருகிறது என்றார்கள். வரும். அந்த வழியில் ராத்திரியில் அதிகம் நடப்பவள் நான்தான், டார்ச் அடித்துப் பார்த்து நடந்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும்.

விவசாயிகளாக நமக்குத் தவளையிடம் கடன் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் டன் டன்னாக வெளிநாட்டுக்குப் போனது. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற எதிர்ப்பு வலுத்த பிறகு, 1987-இல் அந்த ஏற்றுமதியை அரசு அடியோடு நிறுத்தியது. ஏற்றுமதியால் போனதை நிறுத்த ஒரு சட்டம் போதுமாக இருந்தது. முட்டையிடும் பள்ளம் போனால் எதை நிறுத்துவது? அப்புறம் தண்ணீர். பாறையில் வழிந்து பள்ளத்தில் நின்று கீழே இறங்கும் தண்ணீர்தான் கீழ்வயல் கிணறுகளுக்கு ஊற்று. பள்ளம் நிறைந்தால் மிச்சம் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. பெரியாறு தண்ணீர் கடைசி மடை வரை வராத வருஷங்களில் இந்தக் கிணறுகள் காப்பாற்றிய நெல் எவ்வளவு என்று கீழ்வயல்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தீர்மானம் போடும் முன் எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 41-ஆவது பிரிவில், ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஊர்மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் தலையாய வேலை. நம் ஊராட்சியிலும் குழு இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மரம், செடி பகுதி ஓரளவு பரவாயில்லை. நீர்நில வாழ்வன என்ற தலைப்பின் கீழே "தவளை, தேரை" என்று எழுதி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் "அதிகம்" என்று நிரப்பியிருக்கிறார்கள். பாறையடிப் பள்ளத்தின் பெயரே அதில் இல்லை. குழுவில் யார் யார் உறுப்பினர் என்று கேட்டதற்கு, அதில் பெயர் இருக்கிற இரண்டு பேருக்கே தாங்கள் உறுப்பினர் என்பது தெரியவில்லை. இந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பயன்பாடு ஏதுமில்லை என்று எழுதுவது சரியில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. பாறையடிப் பள்ளத்தில் எல்லா வேலையையும் உடனே நிறுத்துங்கள். நிறுத்தியதை எழுத்தில் தந்து அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள். கொட்டிய இரண்டு லோடு கிராவலையும் மழைக்கு முன்னால் அள்ளிவிடுங்கள். ஜேசிபி இறக்காமல், ஆட்களை வைத்துக் கூடையில் அள்ள வேண்டும். கீழ்வயல்காரர்கள் நாங்கள் சம்பளமில்லாமல் வந்து நிற்கிறோம்.

அடுத்த கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, வாரச்சந்தையைப் பழைய திடலிலேயே கட்டுவதற்குப் புதுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தப் பொருளை முதல் பொருளாக வையுங்கள். கூட்டம் கலையும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள். சந்தையில் கடை போடும் பெண்களையும் அன்று பேச அழையுங்கள்.

பல்லுயிர் மேலாண்மைக் குழுவை முறையாகக் கூட்டுங்கள். மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு எழுதி, தவளை, தேரை பற்றி ஆராய்கிறவர்களை வரவழைத்து, பாறையையும் பள்ளத்தையும் மழைக்கால ராத்திரியில் கணக்கெடுக்கச் செய்யுங்கள். பகலில் வந்து பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையை நாங்கள் ஏற்க மாட்டோம். என் கைபேசிப் படத்தையும், எந்த இடுக்கில் எடுத்தேன் என்பதையும் அவர்களிடம் நேரில் தருகிறேன். கணக்கெடுப்பில் தெரிய வருவதைப் பதிவேட்டில் இனம் இனமாக, இடம் குறித்து எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலப்பதிவில் பாறையையும் பள்ளத்தையும் நீர்வரத்துப் பகுதியாகக் குறிக்கச் சொல்லி வட்டாட்சியருக்கு ஊராட்சி சார்பில் மனு அனுப்புங்கள். நகலை எனக்குத் தாருங்கள். இனிமேல் கண்மாயிலோ ஊருணியிலோ மண் எடுப்பதானால், உள்வாயில் கரையை ஒட்டிய ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள்.

பதிலை அடுத்த கிராம சபைக்கு முன்னால் எதிர்பார்க்கிறேன். அதற்குள் ஜேசிபி மறுபடியும் பள்ளத்துக்கு வந்தால், கீழ்வயல்காரர்கள் நாங்கள் அதன் முன்னால் நிற்போம்.

இப்படிக்கு,
பாறையடிப் பள்ளத்தின் கீழ்வயல் விவசாயி